நாக்கில் ஒட்டும் பொம்மை

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் மழை விட்ட ஒரு சனிக்கிழமை. கார்த்திகை தீபத்துக்கு அதிக நாள் இல்லை. வெயில் முகம் காட்டியதும் கொட்டகைக்குள் அடைந்து கிடந்த பிளாஸ்டர் அச்சுகள் வாசலுக்கு வந்துவிட்டன. ஒவ்வோர் அச்சின் இடுப்பிலும் பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் பட்டை. இரண்டு பாதிகளையும் அதுதான் இறுக்கிப் பிடித்திருக்கிறது. பிள்ளையார், யானை, கிளி, கையில் அகல் ஏந்திய பெண் என்று பலகை பலகையாக நிற்கின்றன. உருவம் எல்லாம் உள்ளே. வெளியே பார்த்தால் வெறும் வெள்ளைக் கட்டி.

விளக்கு வாங்க வருகிறவர்கள் உட்காரச் சுவரோரம் ஒரு சிமென்ட் திண்ணை. அங்கிருந்து பார்த்தால் கொட்டகையின் உள்ளும் வெளியும் தெரியும். பள்ளிக்கூடம் இல்லாததால் வேலைக்கு வந்தவர்களோடு பிள்ளைகளும் வந்திருக்கிறார்கள். இரண்டாம் வகுப்பு படிக்கும் ஒரு ரெட்டைச் சடைக்காரி. ஆறு வயது இருக்கும் டவுசர் பையன் ஒருவன். மஞ்சள் கவுன் போட்ட ஐந்து வயதுக்காரி. அவள் இடுப்பில் ஏறுவதும் இறங்குவதுமாக ஒரு தம்பி.

அச்சில் ஊற்றும் வேலை ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மாளுடையது. பிள்ளைகள் அவரை ஆயா என்கிறார்கள். யாருடைய ஆயா என்று கேட்கவே தேவையில்லை, நாலு பேருக்கும் அவர் ஆயாதான்.

பிளாஸ்டிக் ஜக்கில் ஸ்லிப்பை மொண்டு யானை அச்சின் வாயில் ஊற்றுகிறார். நெய்வேலிப் பக்கத்து வெள்ளைக் களிமண்ணை நம்பி இந்த ஊரில் கால்பதித்த தொழில் இது. களிமண்ணோடு ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் மாவுகளைச் சேர்த்துத் தண்ணீரில் கரைத்த குழம்பைத்தான் ஸ்லிப் என்கிறார்கள். அச்சு நிரம்புகிறது. ஆயா அடுத்த அச்சுக்குப் போகிறார். டவுசர் பையன் யானையை விட்டு நகரவில்லை. வாய்வரை நின்ற குழம்பு மெல்ல மெல்ல இறங்கி, கொஞ்ச நேரத்தில் ஒரு விரற்கடை குறைந்துவிட்டது.

"ஆயா, குடிச்சிடுச்சி."

"யாரு குடிச்சா?"

"யானை."

"யானையா?" ஆயா அவ்வளவுதான் கேட்டார். ஜக்கோடு வந்து குறைந்த இடத்தை நிரப்பிவிட்டுப் போய்விட்டார்.

பையன் குனிந்து பார்க்கிறான். உள்ளே யானை எதுவும் தெரியவில்லை. அச்சின் வெளிப்புறத்தில் உள்ளங்கையை வைக்கிறான். எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறான். வெயிலில் கிடந்த இன்னோர் அச்சைத் தொடுகிறான். மறுபடி இதைத் தொடுகிறான்.

"இது ஜில்லுனு இருக்கு. அச்சுதான் குடிச்சிருக்கு!"

ஆயா தலையை மட்டும் ஆட்டினார்.

அவன் கண்டுபிடித்தது உண்மை. பிளாஸ்டர் இறுகும்போது அதன் படிகங்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத இடுக்குகள் எண்ணிலடங்காமல் விழுகின்றன. அந்த இடுக்குகள் குழம்பின் தண்ணீரை இழுத்துக்கொள்ள, களி மட்டும் அச்சின் சுவரில் படிகிறது. அப்படிப் படிந்த தோலே பிறகு தண்ணீருக்குத் தடையாகிவிடும். அதனால் இரண்டு மடங்கு கனம் வேண்டுமென்றால் இரண்டு மடங்கு நேரம் போதாது, ஏறக்குறைய நாலு மடங்கு காத்திருக்க வேண்டும். ஆயாவுக்கு இது கை அறிந்த கணக்கு. கடிகாரத்தைப் பார்க்காமல், வாய் ஓரத்துத் தோலை நகத்தால் கீறிப் பார்த்து, மிச்சக் குழம்பைத் திரும்பக் கொட்டிவிடுகிறார்.

இதையெல்லாம் பையனிடம் அவர் சொல்லவில்லை. நான் பார்த்தவரையில் அந்தக் காலைப்பொழுதின் சிறப்பே அதில்தான் இருந்தது. சொல்லாமல் விட்டதால் பையனுக்கு அடுத்த வேலை கிடைத்தது. வெயிலில் காய்ந்த அச்சு ஒன்றையும், நிழலில் ஈரமாகவே கிடந்த ஒன்றையும் காட்டி, "ரெண்டுலயும் ஊத்து ஆயா, எது மொதல்ல குடிக்குதுன்னு பாப்பம்" என்றான். ஈர அச்சில் ஊற்றினால் பொம்மை சரியாகப் படியாது, ஸ்லிப்பும் நேரமும் வீண். ஆயாவுக்கு இது தெரியாதா? ஆனாலும் ஒரு கிளி அச்சை எடுத்து ஊற்றினார். காய்ந்த யானை மளமளவென்று இழுத்தது, கிளி அப்படியே இருந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கிளிக்கு வயிறு ரொம்பிடுச்சி" என்றான் பையன். மழைக்காலத்தில் இந்தக் கொட்டகைகளில் வேலை ஏன் மந்தமாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கேட்டதில்லை.

கொட்டகையின் இன்னொரு மூலையில் கழிவு வாளி. பிசிறு எடுத்தபோது விழுந்த துண்டுகள், உடைந்த காதுகள், தும்பிக்கைகள் எல்லாம் அதற்குள் போகும். தண்ணீரில் ஊறிக் கரைந்து மறுபடி ஸ்லிப்பாகும். ரெட்டைச் சடைக்காரி அங்கே உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கையில் நேற்றே உடைந்து நன்றாகக் காய்ந்துவிட்ட யானைக் காது. இன்னொரு கையில் சற்றுமுன் உடைந்த ஈரக் காது. இரண்டையும் ஒன்றாகப் போட்டாள். காய்ந்த காதிலிருந்து சரசரவென்று குமிழிகள் வந்தன. ஓரம் உதிர்ந்தது, பிளந்தது, அடியில் சேறாகப் படிந்துவிட்டது. ஈரக் காதோ போட்ட மாதிரியே கிடக்கிறது. மெத்தென்றிருந்ததுதான் முதலில் கரையும் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். முகத்தில் அவ்வளவு திகைப்பு. இன்னொரு காய்ந்த துண்டைத் தேடி எடுத்துப் போட்டாள். அதுவும் அப்படியே. பிறகு அடுத்தடுத்து ஆறேழு துண்டுகள். காய்ந்த மண்ணின் நுண்துளைகளுக்குள் தண்ணீர் பாயும்போது உள்ளே இருக்கும் காற்று நசுங்கி, மண்ணை உள்ளிருந்தே உடைக்கிறது. ஈர மண்ணில் அந்தத் துளைகள் ஏற்கெனவே தண்ணீரால் நிரம்பியிருப்பதால் அவசரமாகப் புக இடமில்லை. இரண்டாம் வகுப்புக்காரிக்கு இந்தக் காரணம் இன்றைக்கே தெரிந்தாக வேண்டும் என்றில்லை. காரணம் கேட்கத் தூண்டும் அந்தத் திகைப்பு அவளிடம் வந்துவிட்டது.

மஞ்சள் கவுன்காரியின் விளையாட்டு வேறு. அவள் கையில் ஈர ஸ்பாஞ்ச். பிழிந்தால் சொட்டுச் சொட்டாக விழுகிறது. முதல் சொட்டு காலியான ஒரு பிளாஸ்டர் அச்சின் மேல் விழுந்தது, விழுந்த வேகத்திலேயே காணாமல் போனது. அடுத்தது, ஒருமுறை சூளையில் வெந்து இன்னும் கிளேஸ் என்னும் கண்ணாடிப் பூச்சு பூசாத பிள்ளையாரின் தொந்தி மேல். அதுவும் உள்ளே போய்விட்டது, கறுத்த வட்டம் மட்டும் தங்கியது. மூன்றாவது, கிளேஸ் ஏறி வெந்துவந்த ஃபியூஸ் கட்டையின் மேல். வீட்டு மீட்டர் பெட்டியில் இருக்குமே, அதே வெள்ளைக் கட்டை. சொட்டு உருண்டு நின்றது. அவள் ஊதினாள், ஓடியது. ஸ்பாஞ்சைத் தூக்கிக்கொண்டு கொட்டகை முழுவதும் சுற்ற ஆரம்பித்தாள். தரை, பலகை, கதவு, தம்பியின் தலை. எங்கே சொட்டு நிற்கும், எங்கே போகும்?

அப்போதுதான் ஆயா ஒரு காரியம் செய்தார். கிளேஸ் பூசாத சின்னக் கிளி ஒன்றைச் சேலைத் தலைப்பில் நன்றாகத் துடைத்துக் குழந்தையிடம் நீட்டினார். "நாக்குல வெச்சிப் பாரு."

வைத்தாள். கிளி நாக்கில் ஒட்டிக்கொண்டது. கையை எடுத்தாள், கிளி விழவில்லை. கண்கள் விரிந்தன. பிடுங்கி எடுத்து மறுபடி வைத்தாள். பிறகு தானாகவே ஃபியூஸ் கட்டையைக் கழுவிக்கொண்டு வந்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். ஒட்டவில்லை. சொட்டு எங்கே உள்ளே போகிறதோ அங்கே நாக்கு ஒட்டும், எங்கே உருள்கிறதோ அங்கே ஒட்டாது. அவள் இப்படி வாக்கியமாகச் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு பொருளைக் கையில் எடுத்தால் முதலில் சொட்டு, அப்புறம்தான் நாக்கு. சொட்டு உருண்டுவிட்டால் நாக்கை நீட்டுவதே இல்லை. முடிவை முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் முறையை ஐந்து வயதில் அவளே வகுத்துக்கொண்டாள்.

விளக்கு வாங்க வந்த ஒருவர் இதைச் சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அவரோடு ஏழெட்டு வயது மகன். அவர் அந்தக் கிளியைக் கேட்டு வாங்கி, மகன் தோளில் கைபோட்டு, நுண்துளை, உறிஞ்சுதல், கண்ணாடிப் படலம் என்று அழகாக விளக்கினார். தவறாக ஒரு சொல்கூட இல்லை, அக்கறையான தகப்பன். ஆனால் சோதனையைச் செய்தவள் அவர் முழங்காலுக்கருகே நின்று கிளியைத் திரும்பத் தரச்சொல்லிக் கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். விளக்கம் அவள் தலைக்கு மேலாகவே போய் முடிந்தது.

இது ஒருவரின் குணம் சம்பந்தப்பட்டதில்லை. கலிபோர்னியாவில் ஒரு குழந்தைகள் அருங்காட்சியகத்தில், தொட்டு விளையாடும் அறிவியல் சாதனங்கள் முன்னால் பெற்றோரும் குழந்தைகளும் பேசிக்கொள்வதைப் பதிவு செய்து கெவின் கிரௌலி, மொரீன் கேலனன் முதலானோர் 2001-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அந்தச் சாதனங்களைப் பையன்களும் பெண் குழந்தைகளும் ஒரேபோலத்தான் கையாண்டார்கள். ஆனால் 'இது ஏன் இப்படி' என்று பெற்றோர் விளக்கம் சொன்னது பெண் குழந்தைகளைவிடப் பையன்களுக்கு மூன்று மடங்கு அதிகம். மிகச் சின்னக் குழந்தைகளிடமும் இந்த வேறுபாடு இருந்தது. அப்பாக்கள் மட்டுமல்ல, அம்மாக்களும் அப்படித்தான். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அதனால்தான் இதைக் கண்ணால் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது.

ஆயா எழுந்து வந்து இன்னொரு கிளியை எடுத்து மஞ்சள் கவுன்காரியின் கையில் வைத்தார். விளக்கம் எதுவும் இல்லை, பொருள் மட்டும் கை மாறியது. அவள் மறுபடி ஸ்பாஞ்சைத் தேடிப் போய்விட்டாள்.

சொல்லிக்கொடுப்பது, சொல்லாமல் கொடுப்பது, இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்று உலகம் முழுக்க யோசித்துப் பார்த்திருக்கிறார்கள். எலிசபெத் பொனாவிட்ஸும் எம்.ஐ.டி.யின் லாரா ஷுல்ஸும் சகாக்களும் 2011-இல் வெளியிட்ட ஒரு சோதனை எனக்குப் பிடித்தமானது. பார்த்திராத ஒரு விளையாட்டுச் சாமான். ஒரு குழாயை இழுத்தால் கீச்சென்னும், இன்னோரிடத்தில் விளக்கு எரியும், வேறோரிடத்தில் இசை வரும், ஒளிந்த கண்ணாடி ஒன்றும் உண்டு. சில குழந்தைகளுக்கு, 'பார், இது இப்படித்தான் வேலை செய்யும்' என்று கீச்சொலியை ஆசிரியர் மாதிரி காட்டிக்கொடுத்தார்கள். வேறு சிலருக்கு முன்னால், தெரியாமல் கைபட்டுக் கீச்சென்றது மாதிரி காட்டிக்கொண்டார்கள். முதல் கூட்டம் அந்தக் குழாயையே இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டாவது கூட்டம் அதிக நேரம் விளையாடி மற்ற வேலைகளையும் தேடிக் கண்டது. பெரியவர் ஒன்றைக் காட்டி நிறுத்தினால், இவ்வளவுதான் இருக்கிறது என்று குழந்தை எடுத்துக்கொள்கிறது. ஆயா 'யானையா?' என்று ஒற்றைச் சொல் கேட்டு நகர்ந்தாரே, அந்த நகர்தல் எவ்வளவு பெரியது!

அருங்காட்சியகம் என்றாலே நம் பிள்ளைகள் முதலில் கற்றுக்கொள்வது கையைக் கட்டிக்கொண்டு நடப்பது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியக வளாகத்தில் குழந்தைகளுக்கென்றே 1988-இல் தனிப் பகுதி வந்தது, நல்ல காரியம். ஆனாலும் அங்கே பொம்மைகள் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கின்றன, மூக்குப் பதிந்த தடம் கண்ணாடியில் இருக்கிறது. 1987-இல் திறந்த திருநெல்வேலி மாவட்ட அறிவியல் மையம் போன்ற இடங்களில் பிடித்து இழுக்கலாம், சுற்றலாம், ஏறலாம். அங்கே பிள்ளைகளின் சத்தமே வேறு. அமெரிக்காவின் பாஸ்டன் குழந்தைகள் அருங்காட்சியகத்தில் மைக்கேல் ஸ்பாக் 1960-களில் பொருள்களைக் கண்ணாடிப் பெட்டிகளிலிருந்து எடுத்துப் பிள்ளைகளின் கையில் கொடுத்தார். சான்பிரான்சிஸ்கோவில் 1969-இல் 'எக்ஸ்ப்ளோரட்டோரியம்' தொடங்கிய இயற்பியலாளர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர், அணுகுண்டுத் திட்டத்து ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி. அரசியல் பழியால் பல்கலைக்கழக வேலை இழந்து, மாடு வளர்த்து, கொலராடோவின் சின்ன ஊர் ஒன்றில் பள்ளி வாத்தியாராகவும் இருந்தவர். பிள்ளைகளை ஊர்க் குப்பைமேட்டுக்கு அழைத்துப்போய்ப் பழைய இயந்திரங்களைப் பிரித்து இயற்பியல் நடத்தினாராம். தன் அருங்காட்சியகத்தில் சாதனங்களைச் செய்து பழுதுபார்க்கும் பட்டறையை மறைத்து வைக்கவில்லை, வருகிறவர்கள் பார்க்கும்படி கூடத்திலேயே வைத்தார். அவர் கூடத்துக்குள் கொண்டுவந்த பட்டறை இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறது.

ஆனால் கொட்டகையை அப்படியே கொண்டாடிவிட முடியாது. வெயில் ஏறியதும் உள்ளே ஒருவர் காய்ந்த பொம்மைகளைச் சுரண்ட ஆரம்பித்தார். வெள்ளைத் தூசி எழுந்தது. ஆயா உடனே நாலு பேரையும் வேப்பமரத்தடிக்கு விரட்டினார். அந்தத் தூசியில் சிலிகா உண்டு, ஆண்டுக்கணக்கில் மூச்சோடு போனால் நுரையீரலைக் கெடுக்கும். வேலை செய்கிற பெரியவர்களுக்கே அது ஆபத்து, பிஞ்சு நெஞ்சைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கிளேஸ் டிரம்மின் மேல் பலகை போட்டு அதன்மேல் கல்லும் வைத்திருக்கிறார்கள். சூளைப் பக்கம் போனால் அடி விழும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

இந்த மண்ணும் பிளாஸ்டரும் ஸ்பாஞ்சும் வேண்டும், தூசியும் சூளையும் வேண்டாம். அப்படி ஒரு கூடம் விருத்தாசலத்தில் அமைந்தால் எப்படி இருக்கும் என்று திண்ணையில் உட்கார்ந்தபடி நினைத்துப் பார்க்கிறேன். பெரிய செலவு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. பீங்கான் தொழில்நுட்பத்தைப் பட்டயப் படிப்பாகவே சொல்லித்தரும் அரசு நிறுவனம் இதே ஊரில் இருக்கிறது. அதன் மாணவர்கள் சனிக்கிழமை தோறும் வந்து நின்றால் போதும். தரை எப்போதும் ஈரமாக இருக்கட்டும், காய்ந்த மாவு உள்ளே வரக்கூடாது. குழந்தையின் இடுப்பு உயரத்துக்கு மேசை. காய்ந்த அச்சு, ஈர அச்சு, கரைக்கும் வாளி, தட்டினால் கணீரென்னும் நல்ல விளக்கு, கூடவே கண்ணுக்குத் தெரியாமல் கீறல் விழுந்து மொட்டையாக ஒலிக்கும் விளக்கு. மேசைக்கு ஒருவராக, கேள்வி கேட்டுவிட்டு நகரத் தெரிந்த ஆள். நான் கேட்பது இந்தக் கடைசி ஆளைத்தான். மற்றதெல்லாம் இந்தத் தொழிற்பேட்டையின் கழிவிலேயே கிடைக்கும். அரசு 2022-இல் தொடங்கிய வானவில் மன்றம் பள்ளிகளுக்கே சோதனைகளைக் கொண்டுபோகிறது, மனதார வரவேற்கிறேன். ஆனால் அது ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும். சொட்டு எங்கே நிற்கும் என்று தேடுகிற ஐந்து வயதுக்காரி அதுவரை காத்திருப்பாளா?

பதினோரு மணிக்கு டீ வந்தது. ஆயா யானை அச்சின் ரப்பர் பட்டையைக் கழற்றினார். பாதி அச்சை மெல்லத் தூக்கியதும் உள்ளே யானை முழுசாக நின்றது. ஈரமாக, சாம்பல் வெள்ளையாக, தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு. டவுசர் பையன் மூச்சுவிடவில்லை. இன்னோர் அச்சில் முந்தின நாள் எடுத்துக் காயவைத்த யானை ஒன்று பலகையில் இருந்தது. அதை எடுத்து அதன் அச்சிலேயே திரும்ப வைத்துப் பார்த்தான். கடகடவென்று ஆடியது.

"ஆயா, இது இந்த ஊட்டு யானை இல்ல. லொடலொடங்குது."

"அதுலருந்துதான் எடுத்தேன். நேத்து."

"அப்ப இறுக்கமா இருந்துச்சா?"

"எடுக்கவே வரலை."

பையன் யானையைப் பார்த்தான், அச்சைப் பார்த்தான். ஆயா பதில் சொல்லாமல், பிளாஸ்டர் பலகையில் ஊற்றிக் கெட்டிப்படுத்தி வைத்திருந்த களியைக் கிள்ளி எடுத்து நாலு பாளம் தட்டினார். "ஆளுக்கொண்ணு. கைய அழுத்துங்க. அடுத்த சூளையில போடறேன். வெந்து வந்ததும் உங்க கைய அதுல வெச்சிப் பாருங்க."

களி காயும்போது ஒருமுறை, வேகும்போது மறுமுறை என்று மொத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும். ஆயா அதைச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

நாலு உள்ளங்கைகள் பதிந்தன. தம்பியின் கையை அக்காள் பிடித்து அழுத்தினாள், அவனுக்குக் கூச்சம்.

"சின்னதா ஆயிடும்" என்றான் டவுசர் பையன். "யானை ஆச்சில்ல?"

"ஆவாது" என்றாள் மஞ்சள் கவுன்காரி. "அது அப்படியேதான் இருக்கும். எங் கைதான் வளந்துடும். அதான் பத்தாது."

"கை அதுக்குள்ள வளராதுடி."

"வளரும். எங்கம்மா சொன்னாங்க, நான் வளந்துகினே இருக்கேன்னு."

வாக்குவாதம் முற்றியது. இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அளவு பொருந்தாமல் போனால் காரணம் மண்ணா, கையா? ரெட்டைச் சடைக்காரி பேசாமல் தன் பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"ஆயா கைய வெக்கணும்."

"என்னாத்துக்கு?" என்றான் பையன்.

"ஆயா கை இனிமே வளராது. அதுவும் பத்தலைன்னா மண்ணுதான் சுருங்குச்சி. அது சரியா இருந்துச்சின்னா இவ சொல்றதுதான் நெஜம்."

திண்ணையிலிருந்து எழுந்து கைதட்ட வேண்டும் போல் இருந்தது. மாறாத ஒன்றைப் பக்கத்தில் வைத்து மாறுவதை அளப்பது, ஆய்வுக்கூடங்களில் பெரியவர்கள் ஆண்டுக்கணக்கில் பழகும் முறை. ஏழு வயதுக்காரி அதைக் களிமண் பாளத்தின் முன்னால் உட்கார்ந்து கண்டுபிடித்துவிட்டாள்.

ஆயா கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். "எனக்கு வேலை கெடக்கு. இன்னும் பத்து அச்சு ஊத்தணும்." பிள்ளைகள் விடவில்லை. மஞ்சள் கவுன்காரி அதற்குள் களி உருண்டையைத் தட்ட ஆரம்பித்துவிட்டாள். அவள் தட்டிய பாளம் ஆயாவின் கைக்குப் போதவில்லை. இன்னொரு கிள்ளு சேர்த்தார்கள். ஓரம் விண்டது, ஸ்பாஞ்சால் பூசினார்கள். ஆயா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு விரல்களை விரித்து அழுத்தினார்.

"இன்னும் அழுத்து ஆயா" என்றாள் ரெட்டைச் சடைக்காரி. "சுண்டுவெரல் பதியலை பாரு."